ஐப்பசி ஆற்றில் ஃபிளை ராட்: எந்தக் கோளாறுக்கு எங்கே கைவைப்பது

குறுவை அறுப்பு முடிந்து சம்பா பச்சை பிடிக்கிற நேரத்தில்தான் எனக்கு ஆட்கள் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு பக்கமிருந்து ஃபிளை ராடை, அதாவது இறகும் நூலும் கட்டிய 'ஃபிளை' என்ற போலி இரையை வீசி மீன் பிடிக்கும் கோலை, தூக்கிக்கொண்டு வந்து, திருவையாற்றுக்கும் அணைக்கரைக்கும் நடுவே ஏதாவது ஒரு கரையில் நிற்பார்கள். இடம் காட்டுவதும் கூட நிற்பதும் என் வேலை. சிக்கெடுப்பதும் என் வேலைதான். அதிக நேரம் அதற்குத்தான் போகும்.

வருகிறவர்களில் அநேகம் பேர் வீசக் கற்றது ட்ரௌட் மீனுக்காக. அது குளிர்ந்த தண்ணீர் மீன், காவிரி டெல்டாவில் கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தேடினால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அவலாஞ்சியில் 1907-இலேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வைத்துவிட்டார்கள். இங்கே ஃபிளைக்கு வருவது விரால், குறவை, கெண்டை வகைகள், சிலேபி, எப்போதாவது வாளை, முகத்துவாரத்தில் கொடுவா. கீழே வரும் கோளாறுகளில் பாதி, மலை ஓடைப் பழக்கத்தை வாய்க்காலுக்குக் கொண்டுவந்ததால் வருபவை. மீதி மணலால் வருபவை.

ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் இருக்கிறது, செலவு வைப்பது கடைசியில். வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டைத் தாண்டிக் குதித்துப் புது ராட் வாங்கியவர்கள், அதே கோளாறோடு புது ராடில் மறுபடி வருகிறார்கள்.

லைன் பறக்கவில்லை, முன்னால் குவியலாக விழுகிறது

லைன் (ஃபிளையைச் சுமந்துபோகும் கனமான கயிறு) எவ்வளவு வெளியே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராட் முனைக்கு வெளியே இரண்டரை ராட் நீளம் மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுருட்டிக்கொண்டு வீசுங்கள். அது நேராகப் போனால் கோளாறு ராடில் இல்லை, ஆசையில் இருக்கிறது. குடமுருட்டியிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் எதிர்க்கரைக்கே அவ்வளவு தூரம்தான். மீனும் நடுவில் நிற்காது, கரையோரக் கோரைக்கு அடியில்தான் நிற்கும்.

அப்படியும் குவிந்தால் மணிக்கட்டு. பின்னால் கொண்டுபோகும்போது மணிக்கட்டு மடங்கி, ராட் முனை கிட்டத்தட்டத் தரையைத் தொடப் போகும். ஒரு துண்டை எடுத்து ராடின் அடிக்கட்டையை முன்கையோடு சேர்த்து லேசாகக் கட்டிக்கொண்டு வீசிப் பாருங்கள். மடக்க முடியாது. லைன் நிமிர்ந்து போனால் காரணம் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வீசுங்கள், கைக்குப் பழகிவிடும்.

மூன்றாவது வாடைக்காற்று. ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் காற்று வலது கைப்பக்கம் அடித்தால் லைன் மேலே வந்து விழும், ஃபிளை காதில் மாட்டும். வலது கைக்காரர் காற்று இடப்பக்கம் வருகிற கரைக்கு மாறுங்கள். பாலம் தாண்டி எதிர்க்கரைக்குப் போக மனமில்லாமல் காற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

நான்காவது அழுக்கு. ஈரமான வெள்ளைத் துணியை லைனைச் சுற்றிப் பிடித்து ஒரு கை நீளம் இழுங்கள். துணியில் களிமண் நிறத்தில் கோடு விழுந்தால் அந்த லைன் ராட் வளையங்களில் வழுக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்துணி போதும். பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. கையில் கொசு மருந்து பூசியிருந்தால் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள். டீட் கலந்த மருந்து லைனின் மேற்பூச்சைக் கரைத்துவிடும்.

ஐந்தாவது, ராடுக்கும் ஃபிளைக்கும் பொருத்தமில்லாமை. எண் கூடக் கூட ராட் கனமான ஃபிளையைத் தாங்கும். ட்ரௌட்டுக்கு வாங்கிய 5-ஆம் எண் ராடில் விராலுக்கான தவளை வடிவ ஃபிளையைக் கட்டி வீசச் சொன்னால் அது என்ன செய்யும்? தவளையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பாருங்கள். நூல் பறந்து தவளை பறக்கவில்லை என்றால் 5-ஆம் எண்ணைச் சிலேபிக்கும் கெண்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விராலுக்கு 7 அல்லது 8 வேண்டும். அதை வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கோ கைமாற்றாகவோ வீசிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக லைன் மேற்பூச்சு. முன்பக்கம் பத்து மீட்டரை நகத்தால் வருடுங்கள். பொடிப்பொடியாக வெடிப்பு தட்டுப்பட்டால் லைன் ஆயுள் முடிந்தது. இரண்டு முனையும் கூம்பும் டபுள் டேப்பர் லைன் என்றால் ரீலில் திருப்பிச் சுற்றுங்கள், மறுமுனை புதிதாகவே இருக்கும். மற்ற வகை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பறக்கவில்லை என்றால், வீசத் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வது ராட் விலையில் ஒரு துணுக்குக்கூட ஆகாது.

*பின்னால் வீச இடமே இல்லை என்றால்:* நம் கரைகளில் இது சாதாரணம். பின்னால் மூங்கில் கொல்லை, இல்லாவிட்டால் வாழை, இரண்டும் இல்லாத இடத்தில் நெய்வேலி காட்டாமணக்கு. அங்கே ரோல் காஸ்ட்தான். லைனைத் தண்ணீர் மேலேயே இழுத்து, தோளுக்குப் பின்னால் அரைவட்டமாகத் தொங்கவிட்டு, ஒரே அழுத்தில் முன்னால் உருட்டுங்கள். தண்ணீர் லைனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த தரையில் பழகினால் வராது.

பின்னால் 'பட்' என்று சத்தம், ஃபிளையைக் காணோம்

சாட்டை அடிக்கிறீர்கள். பின்னால் போன லைன் நீளும் முன்னே முன்னால் இழுத்தால் முனை வெடிக்கும், ஃபிளை அறுந்து பறக்கும். தலையைத் திருப்பி லைன் பின்னால் நீள்வதைக் கண்ணால் பாருங்கள், நீண்ட பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். சத்தம் இல்லாமலே ஃபிளை காணாமல் போகிறது என்றால் முடிச்சு. அது அடுத்த தலைப்பில்.

மீன் மாட்டியது, பாதியில் அறுந்தது

புது ஃபிளை கட்டுவதற்கு முன் அறுந்த நுனியை விரலில் வைத்துப் பாருங்கள். பதில் அங்கேயே இருக்கும்.

*நுனி ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தால்* முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நரம்பு (லைன் நுனியில் ஃபிளை கட்டும் மெல்லிய நைலான் இழை) அறவில்லை. ஃபிளையைக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சுக்கு ஐந்து சுற்றுப் போட்டு, இறுக்கும் முன் எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உரசிச் சூடேறி அந்த இடமே பலவீனமாகும்.

*நுனி சொரசொரப்பாக, வெள்ளை பூத்து இருந்தால்* உராய்ந்திருக்கிறது. மதகுக் கல், பாலத் தூண், முறிந்த மூங்கில் கழி, இல்லாவிட்டால் விரால் பல். விரால் வாயில் விரலை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பல் தெரியும். ட்ரௌட்டுக்கு வழக்கமான 5எக்ஸ் டிப்பெட் (நரம்பின் ஃபிளைப் பக்கக் கடைசித் துண்டு) 0.15 மில்லிமீட்டர் கனம்தான். தெளிந்த ஓடையில் கூச்சமுள்ள மீனுக்கு அது சரி. கலங்கல் தண்ணீரில் பாசிக்குள் பாயும் விராலுக்கு 0.35-லிருந்து 0.40 வரை போடுங்கள். அது பார்க்குமே என்ற கவலை வேண்டாம்.

*நுனி கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால்,* நீங்கள் நிற்பது பழையாறு, பூம்புகார் பக்க முகத்துவாரமாக இருந்தால், அது கொடுவா. அதன் செவுள் மூடியின் ஓரம் அவ்வளவு கூர். ஃபிளைக்கு முன்னால் ஒரு முழம் 0.50 அல்லது 0.60 நரம்பு சேர்த்துக் கட்டுங்கள்.

*முடிச்சு இருக்கிறது, நடுவில் அறுந்திருக்கிறது என்றால்,* நரம்பில் காற்று முடிச்சு விழுந்திருக்கும். வீசும்போது தானாக விழும் சின்ன முடிச்சு. நரம்பின் பலத்தைப் பாதியாக்கிவிடும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை டிப்பெட்டை விரல்களுக்கு நடுவே இழுத்துத் தடவுங்கள். தட்டுப்பட்டால் அவிழ்த்துக்கொண்டிருக்காமல் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

நுனி எப்படி இருந்தாலும், அறும்போதெல்லாம் ரீல் சத்தமே போடவில்லை என்றால் டிராக் (லைன் ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் ரீலின் பிரேக்) இறுக்கம். லைனைக் கையால் இழுத்துப் பாருங்கள். விரல் வலித்தால் தளர்த்துங்கள். பழைய டப்பா நரம்பும் ஒரு காரணம். வெயிலில், வண்டி டிக்கியில் கிடந்த நைலான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், இழுத்தால் பொட்டென்று போகும்.

கடிக்கிறது, ஆனால் மாட்டவில்லை

எனக்கு அதிகம் வரும் புகார் இது. ராட், ரீல், ஃபிளை, ராசி என்று எல்லாவற்றையும் பழிப்பார்கள். முதலில் எந்த மீன் என்று பிரித்துவிடுங்கள், மருந்து வேறு வேறு.

*தவளையைப் 'பொளக்' என்று அடித்துவிட்டுப் போகிறது.* விரால். ட்ரௌட் கடித்ததும் ராட் முனையைத் தூக்குவது பழக்கம். இங்கே தூக்கினால் தவளை அதன் வாயிலிருந்து பறந்து உங்கள் முகத்துக்கு வரும். விரால் தவளையைக் கவ்வி, ஒரு கணம் வைத்திருந்து, தலையைத் திருப்பிக் கீழே இறங்கும். அந்தத் திருப்பம் வரை பொறுங்கள். ராட் முனை தண்ணீரைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடது கை விரல்களில் லைன் கனக்கும். கனத்ததும் அந்தக் கையாலேயே நீளமாக, அழுத்தமாக ஒரு இழுப்பு. மாட்டியது உறுதியான பிறகு ராடைத் தூக்குங்கள். தண்ணீர் சிதறுவதைக் கண் பார்த்ததும் கை துள்ளும், அதை அடக்குவதுதான் பாடு. சிலரைத் தவளையைப் பார்க்காதே, எதிர்க்கரை நாணலைப் பார் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். வேலை செய்கிறது.

கை சரியாகி இன்னும் மாட்டவில்லை என்றால் முள். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். கீறி நின்றால் கூர், வழுக்கி ஓடினால் மழுங்கல். மதகுத் தரைக் கல்லில் ஒரு தடவை உரசினாலே மழுங்கும். சின்ன அரத்தால் முனையை நோக்கி ஒரே திசையில் தீட்டுங்கள்.

அடுத்தது பாசித் தடுப்பு. முள்ளுக்கு முன்னால் நைலான் நரம்பில் காவல் கட்டியிருப்பார்கள், ஆகாயத்தாமரையில் சிக்காமல் இருக்க. விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் நுனிக்கே உறைக்கும் அளவு விறைப்பாக இருந்தால் மீன் வாயும் அழுத்தாது. இரட்டை நரம்பு என்றால் ஒன்றை வெட்டிவிடுங்கள்.

*ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதுகிறது, வாயே திறப்பதில்லை.* கையை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சுமாகக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, மூச்சுக்கு மேலே வந்து கொப்பளித்துவிட்டு இறங்கினால், அது குஞ்சு காக்கும் விரால். பசிக்குக் கடிக்கவில்லை, விரட்டுகிறது. அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீனுக்குத் தீனி. நான் கூட்டிப்போகும் ஆட்களை அங்கே வீச விடுவதில்லை, நூறு மீட்டர் தள்ளிப் போய்விடுவோம்.

*பொடிப்பொடியாகக் கொத்துகிறது.* சிலேபி, இல்லாவிட்டால் சின்னக் கெண்டை. வாய் சிறியது. 10 அல்லது 12-ஆம் எண் சின்ன முள்ளுக்கு மாறி, இழுப்பை மெதுவாக்குங்கள்.

*கடித்தது தெரியவே இல்லை, ஃபிளையை எடுத்தால் மென்ற அடையாளம்.* கெண்டை. உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும், கைக்கு ஒன்றும் எட்டாது. லைன் தண்ணீரில் இறங்கும் இடத்தில் கண்ணை வையுங்கள். ஒரு சின்ன நகர்வு, ஒரு நிறுத்தம் தெரிந்தால் ராட் முனையை மெல்லத் தூக்குங்கள். ட்ரௌட் பழக்கம் உதவும் ஒரே இடம் இது.

கடியே இல்லை

ஃபிளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள்.

முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடுங்கள். விரல் தெரியவில்லை என்றால் ஆற்றில் வீசுவது வீண். புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது மீன் ஃபிளையைப் பார்க்காது. ஆற்றை விட்டுவிட்டு, வாய்க்கால் கடைமடைக்கோ, வாய்க்கால் பாயும் குளத்துக்கோ போங்கள். வண்டல் வழியிலேயே படிந்திருக்கும்.

தண்ணீர் தெளிவு, ஆனால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நேற்றைய மட்டத்தின் ஈரக்கோடு தெரிகிறது என்றால், மேலே கதவை இறக்கியிருக்கிறார்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரை விடுவார்கள் என்றாலும், டெல்டாவில் மழை பிடித்துவிட்டால் திறப்பைக் குறைப்பார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதில் எதற்கு எவ்வளவு என்பதும் மாறும். வடிகிற நேரத்தில் மீன் ஓரத்தை விட்டு மடுவுக்கு இறங்கிவிடும். மடுவைத் தேடுங்கள், மூழ்கும் ஃபிளை கட்டுங்கள். கிளம்பும் முன்பே மதகுப் பக்கம் லஸ்கரிடம் (கதவைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒரு வார்த்தை கேட்டால் இந்த அலைச்சலே இல்லை. "அண்ணே, இன்னைக்கு எத்தன கதவு தூக்கியிருக்கு?" என்றால் போதும், மனதாரச் சொல்வார்கள்.

தண்ணீரும் சரி, மட்டமும் சரி என்றால், பக்கத்தில் மண்புழுவும் மூங்கில் கம்புமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பாருங்கள். அவர் சட்டியில் நாலு கெளுத்தி கிடக்கும். அவர் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விட்டிருக்கிறார் என்று பாருங்கள். மீன் நிற்கிற ஆழம் அதுதான். உங்கள் ஃபிளை அதில் பாதிகூட இறங்கியிருக்காது.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்க வேண்டாம். நாலைந்து நாள் தொடர்ந்து மூட்டம் போட்டிருக்கும்போது குளத்தில் ஆக்சிஜன் குறைந்து மூச்சு வாங்குகிறது. அன்று விட்டுவிடுங்கள். கூட்டமாகச் செத்து மிதந்தாலோ, வயலில் மருந்தடித்த நெடி வடிகாலில் வந்தாலோ, அந்த மீனைத் தொடவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். மீன்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் சொல்லிவிடுங்கள்.

ரீல் கரகரக்கிறது, அல்லது சுற்றவே மாட்டேன் என்கிறது

மணல். கொள்ளிடக் கரையில் ராடைத் தரையில் படுக்கவைத்தால் மணல் ஏறாமல் என்ன செய்யும்?

ஸ்பூலை (லைன் சுற்றிய சக்கரம்) கழற்றுங்கள், அநேக ரீல்களில் ஒரு பொத்தானோ திருகோதான். ஸ்பூல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாள் போகும் இடைவெளிதான் இருக்கும், அங்கே ஒரே ஒரு மணல் பொடி உட்கார்ந்தால் போதும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள். அச்சில் மட்டும் ஒரு துளி கிரீஸ். கார்க் டிராக் தட்டில் எண்ணெய் தெளிப்பான் அடிக்காதீர்கள், ஊறி வழுக்கிவிடும்.

முகத்துவாரத்தில் வீசினீர்கள் என்றால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுநாளுக்கு வைத்தால் திருகெல்லாம் பூத்துவிடும். வீட்டில் வைக்கும்போது டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

கழுவியும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால், ரீல் எங்கேயோ கீழே விழுந்து சட்டம் வளைந்திருக்கிறது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். 'கிளிக் கிளிக்' சத்தம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் போயிருக்கும். திருகு, ஸ்பிரிங் என்றால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நல்ல லேத் பட்டறையில் செய்துகொடுத்துவிடுவார்கள். டிராக் தட்டு, பேரிங் என்றால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். மலிவு ரீலுக்கு அந்தச் செலவு கட்டாது.

ராட் துண்டுகள் கழலவில்லை

குறடு போடாதீர்கள், முழங்காலுக்குப் பின்னால் வைத்து முறுக்கவும் வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இணைப்பின் இரண்டு பக்கத்திலும் ஒரு கை வைத்து, திருகாமல் நேராக இழுங்கள். வளையத்தைப் பிடிக்கக் கூடாது. கை வழுக்கினால் ரப்பர் கையுறை. வரவில்லை என்றால் உள்ளே நுழைந்திருக்கும் துண்டின் பக்கம் ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு இழுங்கள்; பெட்டிக்கடை ஐஸே போதும். நெருப்பு காட்டினால் பிசின் இளகிப் போகும். கழன்ற பிறகு மணலைத் துடைத்து, உள்துண்டில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவையுங்கள்.

வளையத்தில் லைன் உரசுகிறது என்று சந்தேகம் வந்தால், கொஞ்சம் பஞ்சை வளையத்துக்குள் விட்டு இழுங்கள். இழை மாட்டிக்கொண்டால் அங்கே வெடிப்பு. வளையம் மாற்றுவது, உடைந்த முனையை ஒட்டுவது வீட்டிலேயே முடியும். நடுத்துண்டில் வெடிப்பு என்றால் அதோடு வீசாதீர்கள், ராட் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றிய ராட் நல்ல மீன் மாட்டிய அன்றுதான் உடையும்.

கரையில் ஆள் வந்து சத்தம் போடுகிறார்

பெரும்பாலும் அவர் பக்கம்தான் நியாயம். குளமோ ஆற்றுப் பகுதியோ மீன் குத்தகைக்கு விட்டிருக்கலாம். குத்தகைக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இல்லாவிட்டால் சம்பா வரப்பை மிதித்து உடைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் படித்துறையில் பெண்கள் குளிக்கிற நேரம். ராடை இறக்கிவிட்டு, "மன்னிச்சிக்குங்க ஐயா, யார்ட்ட கேக்கணும்?" என்று கேளுங்கள். பல இடங்களில் டீயும் கிடைத்திருக்கிறது, இடமும் கிடைத்திருக்கிறது.

நின்ற இடத்தில் ஏதோ சரியில்லை

இதில் மலிவிலிருந்து விலைக்கு என்ற வரிசை கிடையாது. உடனே வெளியே வாருங்கள்.

*தண்ணீரில் திடீரென்று குப்பை, நுரை, ஆகாயத்தாமரை மிதந்து வருகிறது:* மேலே கதவு தூக்கியிருக்கலாம். இறங்கும்போதே ஓரத்தில் ஒரு குச்சி நட்டு மட்டத்தைக் குறித்துவைப்பது நல்லது. இரண்டு விரல் ஏறினால் கரையேறுங்கள். மதகுக்குக் கீழே, ஷட்டர் வாய்க்கு எதிரே ஒருபோதும் இறங்காதீர்கள்.

*காலுக்குக் கீழே மணல் சரிகிறது:* கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்ததும் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் ஆளாழத்தில் இருப்பார். கையில் நீளக் கழி இல்லாமல் கொள்ளிடத்தில் இறங்கவே கூடாது. அணைக்கரை வட்டாரத்திலும் அதற்குக் கீழேயும் முதலையும் உண்டு. அங்கே நான் யாரையும் இறக்குவதில்லை, கரைமேல் நின்றே வீசச் சொல்வேன்.

*லைன் மின்கம்பியில் மாட்டியது:* கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். இழுக்காதீர்கள், விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ராட் போனால் போகட்டும். இடி கேட்டாலும் அதே கதைதான்: ராடைக் கீழே வைத்துவிட்டு, திறந்த கரையை விட்டு ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

முள் கையில் ஏறிவிட்டது

கிளம்பும் முன்பே குறட்டால் எதிர்முள்ளை (முள் முனையில் பின்பக்கம் நீட்டும் சின்ன முள்) நசுக்கிவிட்டிருந்தால், ஏறிய வழியே இழுத்து எடுத்துக் கழுவிவிடலாம். எதிர்முள்ளோடு சதைக்குள் போயிருந்தால் நரம்பை வெட்டிவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள், டெட்டனஸ் ஊசியும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். கண்ணிலோ, கண்ணை ஒட்டியோ, கழுத்திலோ ஏறியிருந்தால் தொடவே தொடாதீர்கள். கண் என்றால் ஒரு காகிதக் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போடச் சொன்னால் சிரிப்பவர்களுக்கு வாடை அடிக்கும் அன்று நான் வீச ராட் தருவதில்லை.

*கெளுத்தி முள் குத்தினால்* தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம், அரை மணி நேரமாவது அதில் கையை வைத்திருங்கள். குத்தாத கையால் முதலில் சூட்டைப் பாருங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலும், வீக்கம் மறுநாளும் ஏறினாலும் மருத்துவர்.

*ஊருக்குப் போன பிறகு காய்ச்சல்:* இரண்டு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலில் புண்ணோடு வயல் தண்ணீரில் நின்றவர்களுக்கு வரக்கூடியது. மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் போய், "டெல்டாவில் தண்ணீரில் நின்றேன்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

விட்ட மீன் மல்லாக்கப் புரள்கிறது

கையை நனைக்காமல் பிடித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் போட்டோவுக்கு நேரம் எடுத்திருப்பீர்கள். கெண்டை என்றால் நிமிர்த்திப் பிடித்து, தலை ஓட்டத்தை எதிர்க்கும்படி நிறுத்துங்கள். செவுள் சீராக அடிக்கத் தொடங்கி, வால் உங்கள் கையைத் தள்ளும் வரை விடாதீர்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயோரம் வெட்டிவிடுங்கள். விராலும் குறவையும் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்கள், அவ்வளவு பாடு வேண்டாம். ஓரமாக விட்டாலே போய்விடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் விதிவிலக்கு. வளர்க்கத் தடை உள்ள மீன், ஆற்று மீன்களைத் தின்று தீர்ப்பது. திருப்பித் தண்ணீரில் விடாதீர்கள். நாட்டுக் கெளுத்தியில் ஒரு வகை பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சந்தேகம் என்றால் ஒரு வாளியில் தண்ணீரோடு போட்டுவைத்து, கரையில் இருக்கும் மீன்காரரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.